காகித நெகட்டிவில் ஒரு முகம்: ஹில், ஆடம்சன் வழியில் உருவப்படம் செய்து பார்த்தது

1840-களில் எடின்பரோவில் டேவிட் ஆக்டேவியஸ் ஹில், ராபர்ட் ஆடம்சன் என்ற இருவர் சேர்ந்து எடுத்த உருவப்படங்களைப் பார்த்தால், இது போட்டோவா ஓவியமா என்று ஒரு கணம் சந்தேகம் வரும். கறுப்பு அங்கி போட்ட ஒரு பாதிரியார் உட்கார்ந்திருப்பார். பின்னால் இருட்டு. அந்த இருட்டிலிருந்து நெற்றியும் ஒரு கன்னமும் ஒரு கையும் மட்டும் வெளியே வரும். மறு கன்னம் பழுப்பு நிழலில் கரைந்திருக்கும். அங்கி எங்கே முடிகிறது, இருட்டு எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது.

இதை ஓவியத்தின் பாதிப்பு என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அந்தப் பாதிப்பு எந்த வழியாகப் படத்துக்குள் வந்தது? ஆளை உட்கார வைத்த விதத்திலா, வெளிச்சத்திலா, இல்லை தாளிலேயேவா? இதைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிடக் கையால் செய்து பார்ப்பதே சரி என்று தோன்றியது. அந்த வேலையின் பதிவு இது.

திட்டம் எளிமையானது. ஒரே ஆள், ஒரே வெயில், ஒரே நீண்ட எக்ஸ்போஷர். அந்த ஒன்றிலிருந்து இரண்டு நெகட்டிவ்கள்: ஒன்று தெளிவான பிளாஸ்டிக் ஷீட்டில், மற்றது மெழுகு ஏற்றிய சாதாரணத் தாளில். இரண்டையும் உப்புத்தாளில் வெயிலில் அச்சிட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. காமிரா டிஜிட்டல்தான். அச்சு மட்டும் 1839-ல் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் உலகுக்குச் சொன்ன அதே உப்பும் வெள்ளியும்.

செய்முறைக்குப் போகும் முன் அந்த இருவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது இல்லாமல் நான் செய்த எதற்கும் காரணம் விளங்காது.

ஹில் இயற்கைக் காட்சிகள் வரையும் ஓவியர். ஸ்காட்லாந்தின் ராயல் அகாடமிக்குச் செயலாளராகவும் இருந்தவர். 1843 மே 18-ஆம் தேதி ஸ்காட்லாந்துத் திருச்சபை பிளந்தது. நானூறுக்கும் மேற்பட்ட போதகர்கள் சம்பளத்தையும் குடியிருந்த வீட்டையும் விட்டுவிட்டு வெளியேறித் தனிச் சபை அமைத்தார்கள். அந்தக் காட்சியை ஒரே பெரிய ஓவியமாக வரைய வேண்டும் என்று ஹில் முடிவு செய்தார். நூற்றுக்கணக்கான முகங்கள். எல்லாரும் சில நாளில் அவரவர் ஊருக்குப் போய்விடுவார்கள். ஒவ்வொருவரையும் உட்கார வைத்து வரைய எங்கே நேரம்?

அப்போது விஞ்ஞானி டேவிட் ப்ரூஸ்டர் ஒரு யோசனை சொன்னார். காகித நெகட்டிவில் படம் எடுக்கும் டால்பட்டின் கலோடைப் முறையில் ஒவ்வொருவரையும் படம் எடுத்து வைத்துக்கொள்; பிறகு பொறுமையாக வரை. எடுத்துத் தர ஆளும் காட்டினார். அவர்தான் ராபர்ட் ஆடம்சன். இருபதைத் தாண்டி ஓரிரு வயதுதான். பொறியியல் வேலைக்குப் போக உடம்பு இடம் கொடுக்கவில்லை. அண்ணன் ஜான் ஆடம்சனிடம் கலோடைப் கற்றுக்கொண்டு, எடின்பரோவின் கால்டன் குன்றில் ராக் ஹவுஸ் என்ற வீட்டில் அப்போதுதான் தொழில் தொடங்கியிருந்தார். டால்பட்டின் காப்புரிமை இங்கிலாந்தைத்தான் கட்டியது, ஸ்காட்லாந்தை அல்ல. அதனால் கட்டணத் தொல்லை இல்லை.

ஓவியத்துக்குக் குறிப்பாகத் தொடங்கிய வேலை அதோடு நிற்கவில்லை. அறிஞர்கள், கலைஞர்கள், நண்பர்கள், எடின்பரோவை அடுத்த நியூஹேவன் மீனவக் குடும்பங்கள் என்று விரிந்து, நாலரை ஆண்டில் சுமார் 3,000 படங்கள் ஆயின. 1848 ஜனவரியில் ஆடம்சன் 26 வயதில் இறந்தார். ஓவியம் 1866-ல்தான் முடிந்தது. பதினோரு அடிக்கு மேல் நீளம், 450-க்கும் மேற்பட்ட முகங்கள். என் கணிப்பில் அந்த ஓவியம் முகங்களை வரிசையாக ஒட்டி வைத்தது போல இறுகிக் கிடக்கிறது. அதற்குக் குறிப்பாக எடுத்த போட்டோக்களில்தான் உயிர் இருக்கிறது.

காமிராவின் பக்கத்தில் முதல் நாளிலிருந்தே ஒரு ஓவியர் நின்றார் என்பதுதான் இதில் முக்கியம். ரசாயனம் ஆடம்சனுடையது. யாரை எங்கே உட்கார வைப்பது, கை எங்கே போவது, எது இருட்டுக்குள் போகலாம் என்பதெல்லாம் பெரும்பாலும் ஹில்லின் கண்.

என் படத்துக்கு உட்கார்ந்தவர் அத்தை. எழுபதைத் தாண்டியவர். அவரைத் தேர்ந்தெடுத்ததற்குப் பாசம் ஒரு காரணம். அகலமான நெற்றி, எடுப்பான கன்ன எலும்பு, ஆழமான கண்குழி என்று வெளிச்சத்துக்கு வேலை கொடுக்கும் முகம் என்பது இன்னொன்று.

இடம் மொட்டை மாடி. அவர்களும் வீட்டுக்குள் எடுக்கவில்லை. கலோடைப்புக்கு நல்ல வெயிலிலேயே ஒரு நிமிஷம், சில சமயம் அதற்கு மேலும் தேவைப்பட்டது. அதனால் நாற்காலி, மேசை, திரைச்சீலை, புத்தகம் எல்லாவற்றையும் ராக் ஹவுஸின் வெளிப்புறம் கொண்டுவந்து போட்டு, வீட்டுக்குள் இருப்பது போன்ற காட்சியை வெளியே அமைத்தார்கள். நானும் படிக்கட்டு அறையின் சுவரில் ஒரு கரும்பழுப்புப் போர்வையைத் தொங்கவிட்டு, முன்னால் கைப்பிடி வைத்த மர நாற்காலியைப் போட்டேன்.

வெயிலைப் பற்றி இங்கே நிதானமாகச் சொல்ல வேண்டும். எடின்பரோ கிட்டத்தட்ட 56 பாகை வடக்கில் இருக்கிறது. கோடையின் உச்சத்தில்கூட நண்பகல் சூரியன் 58 பாகையைத் தொடாது. மார்ச், செப்டம்பர் மாதங்களில் 34 பாகைதான். நாளில் பெரும்பகுதி வெயில் சாய்வாகவே விழும். ஓவியரின் அறையில் உயரமான ஒற்றை ஜன்னல் வழியாக வரும் வெளிச்சமும் அதே சாய்வுதான். டச்சு ஓவியர் ரெம்ப்ராண்ட் முகத்தை வரைந்தது அப்படிப்பட்ட வெளிச்சத்தில். எடின்பரோவிலேயே ஒரு தலைமுறைக்கு முன் ஹென்றி ரேபர்ன் மேலிருந்து விழும் வெளிச்சத்தில் முகத்தைப் பெரிய பெரிய ஒளித் துண்டுகளாக, நிழல் துண்டுகளாகப் பிரித்து வரைந்தார். அவர் 1823-ல் இறந்தவர். ஹில் வளர்ந்தது அந்தப் படங்களைப் பார்த்து. ஆக, அந்த ஊரின் வெயிலே பாதி வேலையைச் செய்து கொடுத்தது; மீதியைச் செய்ய அங்கே பழகிய ஒரு கண் இருந்தது.

நம் ஊரில் பதினொரு மணிக்கு மேல் இதை முயன்றால் கண்குழி இரண்டும் கறுத்து, மூக்குக்குக் கீழே மீசை போல நிழல் விழும். காலை ஒன்பதை ஒட்டித்தான் சூரியன் 45 பாகை வாக்கில் நிற்கும். அந்த நேரத்தைப் பிடித்தேன். நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே வந்தால் ஒரு இடத்தில் மூக்கின் நிழல் கன்னத்து நிழலோடு போய்ச் சேரும். அப்போது மறுபக்கக் கன்னத்தில், கண்ணுக்குக் கீழே, ஒரு சின்ன முக்கோண வெளிச்சம் தங்கும். இதைத்தான் இன்றைக்கும் ஸ்டூடியோக்காரர்கள் ரெம்ப்ராண்ட் லைட்டிங் என்கிறார்கள். அங்கே நிறுத்தினேன். நிழல் பக்கம் முழுக்கச் செத்துவிடாமல் இருக்க ஒரு வெள்ளை வேட்டியை நாலாக மடித்துக் கொடியில் போட்டு வெளிச்சத்தைத் திருப்பிவிட்டேன். ஹில்லும் ஆடம்சனும் இதற்குக் குழியாடி பயன்படுத்தினார்கள்.

அடுத்து உட்காரும் விதம். எனக்கு மிகத் தெளிவாகப் புரிந்த பகுதி இதுதான்.

காமிராவில் இருளூட்டும் என்.டி. ஃபில்டர்கள் இரண்டை அடுக்கி, ஐ.எஸ்.ஓ. 100, துளை எஃப்-11 வைத்து எக்ஸ்போஷரை முக்கால் நிமிஷத்துக்கு மேல் இழுத்தேன். டிஜிட்டலில் இது தேவையே இல்லை. ஆனால் அசையாமல் இருக்க வேண்டிய கட்டாயம் படத்தை என்ன செய்கிறது என்று பார்ப்பதுதானே நோக்கம்.

"மூச்சு விடலாமாடா?" என்று கேட்டார் அத்தை.

"தாராளமா விடுங்க அத்தை. தலையும் கையும் மட்டும் அசையக்கூடாது."

தலையும் கையும் தானாக அசையாமல் நிற்காது. மடியில் சும்மா கிடக்கும் கை அரை நிமிஷத்தில் நடுங்கத் தொடங்கும். விரல்கள் எதையாவது பிடித்திருந்தால் நிற்கும். நாற்காலிக் கைப்பிடியை, புத்தகத்தை, இன்னொரு கையின் மணிக்கட்டை. முழங்கை எதன்மீதாவது ஊன்றியிருந்தால் தோள் நிற்கும். முகம் நேராக இருப்பதைவிட முக்கால்வாசி திரும்பி, தாடை கொஞ்சம் இறங்கியிருந்தால் கழுத்து தாங்கும். வெயிலைப் பார்த்துக் கண்ணைத் திறந்து வைக்க முடியாது. கீழேயோ ஓரமாகவோ ஒரு புள்ளியைப் பார்த்தால் கண் அமைதியாக நிற்கும். சிமிட்டுவது பதிவாகாது, பார்வை அலைவதுதான் பதிவாகும்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒரு ஐரோப்பிய எண்ணெய் ஓவியத்தின் உட்காரும் நிலை அப்படியே வந்துவிடுகிறது. முக்கால் முகம், ஊன்றிய முழங்கை, புத்தகத்துக்குள் ஒரு விரல், கீழே பார்க்கும் கண். ஓவியருக்கு முன்னால் உட்கார்ந்தவர்களும் மணிக்கணக்காக அசையாமல் இருக்க வேண்டியவர்கள்தான். மனித உடம்பு வலியில்லாமல் தாங்கக்கூடிய நிலைகளை ஓவியர்கள் பல தலைமுறைகளாகத் தேடித் தேர்ந்து வைத்திருந்தார்கள். போட்டோகிராபி வந்தபோது, ஒரு நிமிஷம் அசையாமல் இருக்க என்ன வழி என்ற கேள்விக்கு விடை ஏற்கனவே தயாராக இருந்தது. அதனால் முதல் உருவப்படக்காரர்கள் ஓவியத்தைப் போல வேஷம் கட்டினார்கள் என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. ஹில்லின் படங்களில் இரண்டு மூன்று பேர் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, தலைகள் முக்கோணமாகச் சேர்ந்திருப்பது பழைய ஓவியங்களின் அமைப்புதான். ஆனால் சாய்ந்திருப்பவர் தலை ஆடாது என்பதும் அதே அளவுக்கு உண்மை.

அப்புறம் உடை. அத்தை அரக்கு நிறச் சேலை கட்டியிருந்தார். நான்தான் கேட்டுக் கட்டச் சொன்னேன். மூச்சில் நெஞ்சும் வயிறும் ஏறி இறங்குவது படத்தில் மங்கலாக விழும். வெளிர் நிறத் துணியில் அது தெரியும், கருந்துணியில் மறைந்துவிடும். போதகர்களின் கறுப்பு அங்கி ஹில்லுக்கு எவ்வளவு உதவியிருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. ரெம்ப்ராண்டின் கறுப்பு உடை மனிதர்களும் நினைவுக்கு வந்தார்கள். உடல் முழுவதும் ஒரே கறுப்புத் திரளாகிவிட்டால், முகம், கை என்று இரண்டே ஒளிப்புள்ளிகள்தான் மிஞ்சும். கண் வேறெங்கும் போகாது.

இப்போது நிறம். கலோடைப்பின் சில்வர் அயோடைடு, உப்புத்தாளின் சில்வர் குளோரைடு இரண்டும் நீலத்துக்கும் புறஊதாவுக்கும்தான் மசியும். சிவப்பும் மஞ்சளும் அவற்றின் கண்ணுக்கு இருட்டு. அந்தப் பார்வையை வரவழைக்க டிஜிட்டல் படத்தின் நீலச் சேனலை மட்டும் எடுத்துக்கொண்டேன். அரக்குச் சேலை முழுக் கறுப்பானது. நெற்றிக் குங்குமம் கறுப்பு. கழுத்து மஞ்சள் கயிறும் கறுத்துச் சேலையோடு சேர்ந்துவிட்டது. தோலில் நாம் சாதாரணமாகக் கவனிக்காத புள்ளிகளும் வெயில் தழும்புகளும் மேலே எழுந்து வந்தன. காற்றும் கடலும் பட்ட நியூஹேவன் மீனவர்களின் முகங்கள் அந்தப் படங்களில் செம்பு வார்த்தது போல இறுகித் தெரிவதற்கு அவர்களுடைய உழைப்பு மட்டும் காரணமில்லை. அவர்கள் தோலின் சிவப்பைக் கலோடைப் கறுப்பாகப் பார்த்தது. மாநிறத் தோலை நீலச் சேனல் இன்னும் கறுப்பாக்கும் என்பதால் எக்ஸ்போஷரை வழக்கத்தைவிடத் தாராளமாக விட வேண்டும். நம் ஆட்களை எடுப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

நெகட்டிவுக்கு வருவோம். படத்தைத் தலைகீழ் நிறமாக்கி, இடம் வலம் மாற்றி, சுமார் 20-க்கு 15 சென்டிமீட்டர் அளவில் அச்சிட்டேன். ஹில், ஆடம்சன் படங்கள் பலவும் ஏறக்குறைய இந்த அளவுதான். முதல் நெகட்டிவ் இங்க்ஜெட் ஷீட்டில். பிக்மென்ட் இங்க் வேண்டும்; அதுதான் புறஊதாவை ஓரளவு தடுக்கும். உப்புத்தாளுக்கு மிகக் கறுப்பான, ஒளி-இருள் முரண் (கான்ட்ராஸ்ட்) கூடிய நெகட்டிவ் தேவை. திரையில் பார்க்க அழகாக இருக்கும் நெகட்டிவ் அச்சில் வெளிறிப்போகும்.

இரண்டாவது, காகித நெகட்டிவ். 70 ஜி.எஸ்.எம். சாதாரணத் தாளில் அதே படத்தை அச்சிட்டேன். மெழுகு ஏற்றும் முன் தாளின் பின்பக்கத்தில் பென்சில் வேலை செய்ய வேண்டும்; மெழுகு ஏறிய பிறகு பென்சில் வழுக்கும். நெகட்டிவில் பென்சிலால் கறுப்பாக்கும் இடம் அச்சில் வெளுப்பாக வரும். மென்மையான 4பி பென்சிலால் நெற்றி மேட்டிலும், கன்ன எலும்பிலும், மேலே தெரிந்த கையின் கணுக்களிலும் லேசாகத் தேய்த்தேன். இதை ஏமாற்று வேலை என்று நினைக்கத் தேவையில்லை. ஹில், ஆடம்சன் நெகட்டிவ்களிலேயே பென்சிலும் வண்ணமும் தடவிய இடங்கள் இருக்கின்றன. ஓவியர் கைக்குப் பென்சில் எட்டும் தூரத்தில் காகித நெகட்டிவ் கிடந்தால் வேறென்ன நடக்கும்?

பிறகு தேன்மெழுகு. துருவித் தாள்மேல் தூவி, அடியிலும் மேலும் ஒற்றுத்தாள் வைத்து, இஸ்திரிப்பெட்டியை மிதமான சூட்டில் மெதுவாக ஓட்டினேன். மெழுகு உருகித் தாளுக்குள் இறங்கும்போது வெள்ளைத் தாள் பார்க்கப் பார்க்கக் கண்ணாடித்தன்மை பெறும். மேலே தங்கும் மெழுகைப் புது ஒற்றுத்தாள் வைத்து மறுபடி தேய்த்து எடுத்துவிட வேண்டும். ஜன்னலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தபோது அத்தையின் முகத்துக்குக் குறுக்கே காகித நார்கள் மேகத் திட்டுகளாக ஓடின. ஷீட் நெகட்டிவில் அப்படி எதுவும் இல்லை; சுத்தமாக இருந்தது.

உப்புத்தாள் செய்வது சுலபம், சுத்தம்தான் முக்கியம். பருத்தியில் செய்த வாட்டர்கலர் தாள் எடுத்துக்கொண்டேன். ஒரு லிட்டர் வாலைவடிநீரில் 20 கிராம் சோடியம் குளோரைடு, 8 கிராம் ஜெலட்டின். ஜெலட்டினைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்துப் பிறகு வெதுவெதுப்பில் கரைக்க வேண்டும். இந்தக் கரைசலில் தாளைச் சில நிமிஷம் மிதக்கவிட்டுக் கொடியில் காயப்போட்டேன். காய்ந்த தாள் பல மாதம் கெடாது. எந்தப் பக்கம் உப்பு ஏறியது என்று ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்துவிடுங்கள்.

அடுத்தது சில்வர் நைட்ரேட். 100 மில்லி வாலைவடிநீருக்கு 12 கிராம். இதைக் கையாளும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். தோலில் பட்டால் வெளிச்சம் கண்டதும் கறுத்து, நாள்கணக்கில் போகாது. கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. மங்கலான மஞ்சள் பல்பு வெளிச்சத்தில், இரும்புப் பட்டை இல்லாத பட்டைப் பிரஷ்ஷால் முதலில் இடவலமாக, பிறகு மேலும் கீழுமாகத் தடவினேன். இந்த அளவுத் தாளுக்கு இரண்டு மில்லி போதும். உப்பும் வெள்ளியும் சேர்ந்து தாளுக்குள்ளேயே சில்வர் குளோரைடு ஆகிவிடும். இருட்டில் காயவைத்து அன்றைக்கே பயன்படுத்த வேண்டும். வைத்திருந்தால் தானாகவே பழுத்துவிடும்.

நெகட்டிவை மேலே வைத்துக் கண்ணாடிச் சட்டத்தில் இறுக்கி வெயிலில் வைத்தேன். பின்பலகை இரண்டாகத் திறக்கும் சட்டமாக இருந்தால் பாதியைத் திறந்து எட்டிப் பார்க்கலாம். டெவலப்பர் எதுவும் கிடையாது. படம் வெயிலிலேயே முழுதாக எழும். ஓரங்கள் முதலில் இளஊதா, பிறகு செம்பழுப்பு, கடைசியில் வெண்கலப் பளபளப்போடு கறுக்கும். ஷீட் நெகட்டிவுக்கு உச்சி வெயிலில் பத்து நிமிஷத்துக்குள் முடிந்தது. மெழுகுத் தாளுக்கு மூன்று மடங்குக்கு மேல் ஆனது. அதை நேர் வெயிலிலிருந்து எடுத்து நிழலில், திறந்த வானத்துக்குக் கீழே வைத்தேன். மெலிந்த நெகட்டிவை நிழலில் மெதுவாக அச்சிட்டால் முரண் கூடும் என்பது அந்தக் காலத்து அச்சிடுபவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம்.

இந்த முறையில் நிழல்கள் ஏன் இவ்வளவு மென்மையாக வருகின்றன என்பதற்கும் காரணம் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. கறுக்க வேண்டிய இடம் முதலில் கறுக்கிறது. கறுத்ததும் அந்த வெள்ளித் துகளே தனக்கு அடியில் இருப்பதற்குத் திரையாகிவிடுகிறது. அதற்கு மேல் வேகம் குறைகிறது. அதற்குள் வெளிச்சப் பகுதிகள் மெல்ல நிறம் பிடிக்கின்றன. அதனால் நிழல் அடைத்துப்போவதில்லை, உள்ளே ஏதோ இருக்கிறது என்ற உணர்வு தங்குகிறது. ஓவியர்கள் பல அடுக்கு மெல்லிய வண்ணம் பூசி வரவழைத்த ஆழம் இங்கே வெயிலால் தானாக வருகிறது.

படத்தைத் தேவைக்கு மேல் கறுக்கவிட்டே எடுக்க வேண்டும். படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போவில் (சோடியம் தயோசல்ஃபேட்) ஒரு பங்கு கரைந்து போகும். முதலில் ஓடும் தண்ணீரில் பால்போன்ற கலங்கல் நிற்கும்வரை கழுவினேன். பிறகு 10 சதவீத ஹைப்போவில், லிட்டருக்கு 2 கிராம் சோடியம் கார்பனேட் சேர்த்து, இரண்டு தட்டுகளில் மாற்றி மாற்றிச் சில நிமிஷம். ஊதா நிறம் கண்ணெதிரே செங்கல் நிறமாக மாறும். பயப்பட வேண்டாம், காய்ந்தால் ஆழ்ந்த பழுப்பாகிவிடும். கடைசியாக ஒரு மணி நேரம் கழுவல்.

இரண்டு அச்சுகளும் காய்ந்தபின் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

ஷீட் நெகட்டிவிலிருந்து வந்தது நல்ல அச்சு. கண்ணோரச் சுருக்கங்கள் எண்ணிவிடலாம். மூக்குத்தியின் கல் தெரிகிறது. போர்வையின் நெசவும் தெரிகிறது, அதுதான் சிக்கல். நெசவு, சுருக்கம், நாற்காலியின் ஆணி எல்லாம் ஒரே குரலில் பேசுகின்றன.

மெழுகுத் தாளிலிருந்து வந்ததில் போர்வையே இல்லை, இருட்டுதான் இருக்கிறது. சேலையின் விளிம்பு தோளில் மட்டும் ஒரு கோடாகத் தெரிந்து, கீழே மறைகிறது. கண்ணோரச் சுருக்கங்கள் தனித்தனிக் கோடுகளாக இல்லை. எல்லாம் சேர்ந்து ஒரு தளர்ந்த நிழல். கன்ன எலும்பிலிருந்து தாடை வரை முகம் மூன்று நான்கு பெரிய தளங்களாகப் பிரிந்து, களிமண்ணில் பிடித்தது போலத் திரண்டு நிற்கிறது. கைப்பிடியைப் பற்றிய விரல்களில் முதல் இரண்டுதான் தெளிவு. லென்ஸ் கொண்டு பார்த்தால் கன்னத்தின் மேல் காகித நார் ஓடிய தடம் இருக்கிறது. கொஞ்சம் தள்ளி நின்றால் அந்தத் தடமே தோலாகிவிடுகிறது.

ஹில் இதைத்தான் ஒரு கடிதத்தில் எழுதினார். தாளின் முரட்டுத்தனமும் சமமின்மையும்தான் வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் எடுக்கும் டாகெரோடைப்புக்கு முன் நுணுக்கத்தில் கலோடைப் தோற்பதற்குக் காரணம். ஆனால் அதன் உயிரே அங்கேதான் இருக்கிறது. கடவுளின் குறையற்ற படைப்பைச் சிறிதாக்கியது போல இல்லாமல் மனிதன் செய்த குறையுள்ள வேலை போல அவை தெரிகின்றன என்ற பொருளில் எழுதினார். மேசையில் இரண்டு அச்சுகளையும் வைத்துக்கொண்டு இதை நினைத்தபோது அது வெறும் சமாதானப் பேச்சு அல்ல என்று பட்டது. எதை விட்டுவிடுவது என்பதுதான் ஓவியரின் பயிற்சி. மங்கலான தாளைப் பார்த்ததும் ஒரு ரசாயன நிபுணர் குறை என்பார். ஹில் அதில் தனக்குப் பழகிய தூரிகையின் வேலையைக் கண்டார். பாதிப்பு நுழைந்த கதவு அந்த ஏற்பில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நாற்காலியும் திரைச்சீலையும் அதற்குப் பின்னால்தான்.

எழுத்தாளர் எலிசபெத் ரிக்பியும் இதைக் கவனித்தவர். ஹில், ஆடம்சன் காமிராவுக்கு முன் பலமுறை உட்கார்ந்தவர் அவர். பின்னாளில் லேடி ஈஸ்ட்லேக் ஆகி 1857-ல் போட்டோகிராபி பற்றி எழுதிய நீண்ட கட்டுரையில், தங்களை முதன்முதலில் இந்தக் கலையிடம் மயங்கவைத்தது ஸ்காட்லாந்துப் போதகர்களின் ரெம்ப்ராண்ட் தன்மை கொண்ட, பரந்த ஒளிநிழல் படங்கள்தான் என்று நினைவுகூர்ந்தார். அதற்குள் கொலோடியன் என்ற பசைக் கரைசல் வந்து, கண்ணாடி நெகட்டிவ் வந்து, நுணுக்கம் எவ்வளவோ கூடிவிட்டிருந்தது.

டாகெரோடைப்பும் ஓவியத்திடமிருந்து வாங்கிக்கொண்டதுதான், ஆனால் வேறு கிளையிடமிருந்து. வெள்ளித் தகட்டின்மேல் ஊசிமுனை நுணுக்கம். தோல் பெட்டி, வெல்வெட், முட்டை வடிவச் சட்டம். எல்லாம் கைக்குள் அடங்கும் குறு ஓவியங்களின் வழக்கம். அந்த ஓவியர்களில் பலர் பிறகு தகட்டுக்கு வண்ணம் பூசும் வேலைக்கு வந்தார்கள். லண்டனில் அன்டுவான் க்ளாடே 1841-லேயே வரைந்த பின்திரைக்குக் காப்புரிமை எடுத்தார். 1854-ல் பாரிஸில் டிஸ்டேரி சிறிய கார்டுப் படங்களுக்குக் காப்புரிமை பெற்ற பிறகு, தூண், கைப்பிடிச் சுவர், திரைச்சீலை எல்லா ஸ்டூடியோவிலும் நுழைந்தன. நம் ஊர்ப் பழைய ஸ்டூடியோக்களின் மாளிகைத் திரையும் பூந்தொட்டி மேடையும் அந்த வழி வந்தவைதான். அவற்றின்மேல் எனக்குப் பிரியம் உண்டு. ஆனால் ஓவியத்தின் சாமான்கள் வந்த அளவுக்கு ஓவியரின் கண் அங்கே வந்ததா என்றால், அரிதாகத்தான்.

கண் மட்டும் போதுமா என்பதற்கும் ஹில்லே விடை. ஆடம்சன் இறந்த பிறகு, 1860-களில் அலெக்சாண்டர் மெக்லாஷன் என்பவரோடு சேர்ந்து கண்ணாடி நெகட்டிவில் மறுபடி முயன்றார். அதே ஓவியர்தான். பழைய படங்களின் வலிமை அவற்றில் இல்லை. தாளும் போயிருந்தது, ஆடம்சனும் போயிருந்தார்.

அத்தையிடம் இரண்டையும் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு ஷீட் நெகட்டிவ் அச்சை எடுத்துக்கொண்டார். "இதுலதான்டா மூக்குத்தி தெரியுது." 1840-களின் வாடிக்கையாளர்களும் பெரும்பாலும் அதையேதான் தேர்ந்தெடுத்தார்கள். தன் முகத்தையும் நகையையும் தெளிவாகப் பார்க்க விரும்புவது நியாயமான ஆசை. டாகெரோடைப் வணிகத்தில் வென்றதற்கு அந்த ஆசை போதுமான காரணம். கலோடைப் உருவப்படத்தின் மதிப்பு தெரிந்தவர்களில் ஓவியர்களும் அவர்கள் நண்பர்களுமே அதிகம்.

இதைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். காகித நெகட்டிவுக்குப் பளபளப்புத் தாள் வேண்டாம், மெழுகு உள்ளே இறங்காது. லேசர் பிரின்டர் அச்சு இஸ்திரிப்பெட்டிச் சூட்டில் இழுபடும், இங்க்ஜெட் போதும். பின்திரை ஆளிடமிருந்து நாலடியாவது தள்ளி இருக்கட்டும், வெயில் அதன்மேல் நேராக விழ வேண்டாம். பயன்படுத்திய ஹைப்போவில் வெள்ளி கரைந்திருக்கும். அதைச் சாக்கடையில் கொட்டாமல் தனி கேனில் சேர்த்து வையுங்கள். அச்சுகளை நேர் வெளிச்சத்தில் மாட்டக் கூடாது. தங்கக் கரைசலில் நனைத்து டோனிங் செய்தால் நிறம் ஊதாப் பழுப்புக்குத் திரும்பும், ஆயுளும் கூடும்; என் அச்சுகளைச் செம்பழுப்பிலேயே விட்டிருக்கிறேன், எடின்பரோ படங்களின் நிறத்துக்கு அதுதான் கிட்டத்தில் வருகிறது.

அடுத்ததாக அத்தையையும் அவர் தங்கையையும் சாய்ந்து உட்கார வைத்து ஒரு படம் எடுக்கப்போகிறேன். தாங்கல் எதுவும் இல்லாமல், இரண்டு தலைகள் ஒன்றையொன்று ஒரு நிமிஷம் தாங்கிக்கொள்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.